ஊர் திரும்பாத திருமேனிகள்

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து தமிழகக் கோயிலுக்குரிய திருமேனி திரும்பி வருகிறது என்ற செய்தி இப்போதெல்லாம் அடிக்கடி கண்ணில் படுகிறது. கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோவிலுக்குரிய திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனியை இந்தியாவிடம் ஒப்படைக்க 2024 மார்ச் மாதம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் இசைவு தெரிவித்தது. அப்பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் சோத்பி நிறுவனத்தின் வழியே அதை வாங்கியிருந்தது. அதே 2024 ஜூலையில் பண்பாட்டுச் சொத்துகள் தொடர்பாக இந்தியாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. செப்டம்பரில் 297 தொல்பொருள்களை அமெரிக்கா ஒப்படைத்தது.

மகிழத்தக்க செய்திகள்தாம். ஆனால், ஒப்படைப்பு விழாவின் புகைப்படம் நாளிதழில் வெளியான பிறகு அந்தத் திருமேனி எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. அதற்கும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இன்னும் களவு போகாமல் நம் ஊர்களில் எஞ்சியிருப்பவற்றை யார், எந்த வருமானத்தைக் கொண்டு காக்கிறார்கள்? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மானாவாரிப் பகுதியில் பிறந்து, பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்த இரண்டாவது கேள்வியே என்னை அதிகம் உறுத்துகிறது.

சிலைத் திருட்டு என்றதும் எல்லோருக்கும் காவிரிப் படுகைதான் நினைவுக்கு வரும். ஆனால், தமிழகத்தில் சிலைக் கடத்தல் வழக்குகளின் போக்கையே மாற்றிய வழக்கு ஒன்றின் வேர் எங்கள் கரிசல் மண்ணில் இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு அருப்புக்கோட்டை அருகே ஆலடிப்பட்டியில் கிடைத்த சிலைகளைக் காவல் துறையினர் சிலரே கைப்பற்றிக் கடத்தல்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள் என்பது புகார். அந்தப் புகாரைத் தொடர்ந்து நடந்த வழக்கில்தான் 2017 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சிலைக் கடத்தல் வழக்குகளுக்கென்று சிறப்பு விசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்குகளைக் கும்பகோணம் நீதிமன்றத்தில் நடத்தவும், கோயில்களில் பாதுகாப்பறைகள் அமைக்கவும் பணித்தது. பின்னர் விசாரித்தவர்கள் மீதே எதிர்ப்புகார்கள் எழுந்ததும், அது தனி விசாரணையாக மாறியதும் தனிக்கதை. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். என் அக்கறை வேறு. மண்ணுக்குள் கிடந்த ஒரு திருமேனி மனிதர் கையில் கிடைத்த அந்த முதல் நாளில் சட்டம் அவரிடம் என்ன சொல்கிறது?

நடைமுறையில் இருக்கும் சட்டம் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். நிலத்துக்குள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அது எழுதப்பட்டது. தெரிவிக்காமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமையாளர் எவரும் இல்லை என்று ஆட்சியர் அறிவித்துவிட்டால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. இதுவரை கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அரசு அந்தப் பொருளைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால் எவ்வளவு தர வேண்டும்? அப்பொருள் எந்த மூலப்பொருளால் ஆனதோ அதன் மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும்.

தங்கக்காசுப் புதையலுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். செப்புத் திருமேனிக்கு? ஐம்பொன் என்று நாம் பெருமையோடு சொன்னாலும் அதில் மிகப் பெரும்பகுதி செம்புதான். ஐம்பது கிலோ எடையுள்ள திருமேனி ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 800 ரூபாய் என்று வைத்தால் உலோக மதிப்பு 40,000 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 48,000. நிலத்துக்காரர் பங்கு போக, கண்டெடுத்தவருக்கு 36,000 ரூபாய். அதுவும் வட்டாட்சியர், கோட்டாட்சியர், ஆட்சியர், தொல்லியல் துறை என்று கோப்பு நகர்ந்து முடிந்த பிறகு. பாத்திரக் கடையில் பழைய அண்டாவுக்குப் போடும் கணக்குக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. திருமேனியை வடித்த சிற்பியின் கைக்கு இந்தச் சட்டத்தில் ஒரு ரூபாய் மதிப்புகூடக் கிடையாது.

இதன் விளைவை விளக்கப் பத்தூர் நடராசரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-ஆம் ஆண்டு நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவர் மண்ணைத் தோண்டும்போது அந்த நடராசர் வெளிப்பட்டார். சில நூறு ரூபாய்க்கு அவர் கைமாறினார். பல கை கடந்து 1982-இல் கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் என்ற நிறுவனம் அவரை வாங்கியபோது விலை இரண்டரை லட்சம் பவுண்டு. இடையில் திருமேனியில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. மண்கூட முழுமையாகத் துடைக்கப்படவில்லை. இரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள பெரும் இடைவெளிதான் கடத்தல் தொழிலின் முதலீடு, இலாபம் எல்லாம். சங்கிலியின் மேல்முனையில் இருப்பவரை நாம் பெயர் சொல்லித் தேடுகிறோம். கீழ்முனையில் நிற்கும் கூலித் தொழிலாளிக்கோ சட்டம் ஒருபுறம் சிறையையும் மறுபுறம் செம்பின் எடையையும் காட்டுகிறது. அவர் மௌனமாக இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் அதைப் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

இங்கிலாந்தில் இதை வேறு விதமாகக் கையாண்டார்கள். 1992 நவம்பரில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் ஒரு விவசாயி தம் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். அதைத் தேடிக் கொடுக்க, உலோகத்தைக் கண்டறியும் கருவியோடு வந்த நண்பருக்கு ரோமானியர் காலத்துத் தங்க, வெள்ளி நாணயங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவர் முழுவதையும் தோண்டி எடுக்காமல் அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தார்கள். அவருக்குக் கிடைத்த வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. அதை நிலத்தை உழுத விவசாயியோடு அவர் பகிர்ந்துகொண்டார். (தொலைந்த சுத்தியலும் கிடைத்தது; அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.) 1996-இல் அங்கு வந்த புதிய புதையல் சட்டம், வல்லுநர் குழு கணிக்கும் சந்தை மதிப்பின் அடிப்படையில் வெகுமதி தரும் முறையைத் தொடர்ந்தது. கூடவே, புதையல் என்ற வரையறைக்குள் வராத சிறு பொருள்களையும் மக்கள் தாமாக வந்து பதிவு செய்யும் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. அதில் பதிவானவை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

அதை அப்படியே இங்கு கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முழுச் சந்தை விலையும் வெகுமதி என்று அறிவித்தால், கண்மாய்க் கரை முதல் சிதிலமான கோயிலின் அடித்தளம் வரை தோண்டிப் பார்க்கும் ஒரு கூட்டமே உருவாகும். நம் திருமேனிகள் ரோமானிய நாணயங்களும் அல்ல. உரிமையாளர் அற்ற பொருளும் அல்ல. படையெடுப்புக் காலங்களில் கோயிலார் கையாலேயே மண்ணுக்குள் வைக்கப்பட்டவை பல. அவற்றுக்கு விலை பேசுவதே தவறு என்ற உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் திருமேனிக்கு விலை வைப்பது வேறு, நேர்மையாகத் தகவல் சொன்னவருக்கு வெகுமதி தருவது வேறு. தகவல் சொன்ன ஒரு மாதத்துக்குள், உலோக எடையோடு தொடர்பில்லாத, ஒரு குடும்பம் ஓராண்டு பிழைக்கப் போதுமான தொகையை ஆட்சியர் கையால் ஊர் நடுவில் கொடுக்க முடியுமானால் பல வாய்கள் திறக்கும். கோயில் இடிபாடுகளில் அனுமதியின்றித் தோண்டியவருக்கு அது கிடையாது என்ற ஒரு விதி போதும்.

மண்ணுக்குள் இருப்பவை ஒருபுறம் இருக்கட்டும். மண்ணுக்கு மேல் இருப்பவற்றின் கதை இன்னும் சிக்கலானது.

திருச்சுழி திருமேனிநாதர் கோயில் சுந்தரர் பாடிய தலம். பாண்டிய நாட்டின் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. இரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் என்பதால் வெளியூர் அன்பர்களும் வருகிறார்கள். அங்கே நாள்தோறும் பூஜை நடக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது. ஆனால் குண்டாற்றின் கரையில் சற்று நடந்தால் பள்ளிமடம் வரும். அங்குள்ள காளைநாதர் கோயில் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்று கல்வெட்டுகளில் பெயர் பெற்ற பள்ளிப்படைக் கோயில். பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. அவற்றில் ஒரு பொருளியல் ஆசிரியனை நிறுத்தி வைக்கும் செய்தி, கோயிலில் விளக்கெரிக்க ஆடுகள் கொடுக்கப்பட்டமை.

ஆடு எப்படி விளக்கெரிக்கும்? கல்வெட்டு வாசித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். கொடையாளி குறிப்பிட்ட எண்ணிக்கை ஆடுகளைக் கொடுப்பார். இடையர் ஒருவர் அவற்றை ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் குறிப்பிட்ட அளவு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் என்று வரும். பாண்டிய நாட்டில் 50 என்ற எண்ணும் வருகிறது. இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் சாவா மூவாப் பேராடு. சாகாத, முதுமை அடையாத ஆடு. உண்மையில் ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டி ஈனும். செத்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது இடையரின் பொறுப்பு. மிகுதிக் குட்டியும் பாலும் அவருக்கு ஊதியம். முதல் தேயாமல் வட்டி மட்டும் கோயிலுக்கு வரும் ஏற்பாடு இது. வகுப்பில் மூலதனப் பராமரிப்பு என்ற கருத்தை விளக்க நான் பல ஆண்டுகள் இந்தக் கல்வெட்டு வழக்கைத்தான் சொன்னேன். மாணவர்கள் பாடப்புத்தகத்தை மறந்தாலும் ஆட்டை மறக்கவில்லை.

காவிரிக் கரையில் கோயிலுக்கு நஞ்சை நிலம் எழுதி வைத்தார்கள். வானம் பார்த்த எங்கள் பூமியில் நிலத்தைவிட ஆடு உறுதியான சொத்தாக இருந்தது. நிலத்தில் மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை. ஆடு மேய்ச்சல் தேடி நடந்து போகும். இன்றும் கோடையில் எங்கள் பக்கத்துக் கீதாரிகள் கிடை போடப் பல மாவட்டங்கள் கடந்து போவதைப் பார்க்கிறோம். அந்தப் பழைய ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் இருந்தது. அது என் வாதத்துக்கு முக்கியமானது. நாள்தோறும் நெய் அளக்க ஒருவர் கோயிலுக்கு வந்தே தீர வேண்டும். அவரும் விளக்கேற்றுபவரும் கருவறையில் இருப்பது என்ன, இல்லாதது என்ன என்பதை நாள்தோறும் தம் கண்ணால் பார்த்தார்கள்.

அந்த ஏற்பாடு எப்போதோ அழிந்துவிட்டது. அதன் இடத்தில் இன்று இருப்பது வங்கி வைப்புத்தொகை. வருமானமற்ற கோயில்களுக்கான ஒருகால பூஜைத் திட்டத்தில் தமிழகத்தில் 12,959 கோயில்கள் இருந்தபோது, ஒவ்வொன்றின் பெயரிலும் இருந்த ஒரு லட்சம் ரூபாய் வைப்பு 2021-22-இல் இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டது. இத்திட்டக் கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம், குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு லட்சத்துக்கு ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வட்டி என்றால் 12,000 ரூபாய். மாதம் 1,000. ஒரு நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய். எண்ணெய், திரி, பூ, நைவேத்தியத்துக்கு அரிசி, மின்கட்டணம் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். வைப்புத்தொகைக்குச் சாவா மூவா என்ற குணமும் கிடையாது. விலைவாசி ஆறு விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் வாங்கும் திறன் பாதியாகிவிடும். அதனால்தான் அரசு அந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்த வேண்டியிருக்கிறது. ஆடு தானாகச் செய்த வேலையை இங்கே அரசாணை செய்ய வேண்டியிருக்கிறது. அது தாமதமாகும் ஆண்டுகளில் விளக்கு மங்கும்.

விளக்குக்கும் திருட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தானை நினைவூட்டுகிறேன். நித்திய பூஜை நின்று பூட்டிக் கிடந்த பிரகதீசுவரர் கோயிலிலிருந்து 2006-ஆம் ஆண்டு வாக்கில் திருமேனிகள் களவு போயின. ஊருக்குத் தெரிந்தது 2008-இல். அதுவும் சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோகும் நோக்கத்தோடு அதிகாரிகள் வந்து திறந்தபோதுதான். அதே 2008-இல் அந்த நடராசரை ஏறத்தாழ ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் வாங்கியிருந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் நேரில் வந்து ஒப்படைத்தார். திருடியவர்களின் திறமையைவிட, கருவறையில் சிலை இல்லை என்பதைச் சொல்ல அங்கே நாள்தோறும் போவார் ஒருவரும் இல்லை என்பதே அந்தக் களவை எளிதாக்கியது. நாளொன்றுக்கு ஒரு வேளை விளக்கேற்றும் ஒருவர் இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே புகார் பதிவாகியிருக்கும். சிலை துறைமுகத்தைத் தாண்டியிருக்காது. கண்காணிப்புக் கேமராவும் அபாயமணியும் தேவைதான். ஆனால் அவற்றையும் யாராவது ஒருவர் பார்க்க வேண்டும், பழுதானால் சரிசெய்ய வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும்.

இந்த இடத்தில் அரசு கண்ட தீர்வு, உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையம். சிறு கோயில்களின் உற்சவத் திருமேனிகளைத் திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள மையங்களிலோ, வட்டாரத்தின் பெரிய கோயிலிலோ பூட்டி வைப்பது. திருவிழா வந்தால் உரிய அனுமதியோடு எடுத்துச் சென்று திருப்பி வைக்கலாம். இதன் நியாயத்தை மறுக்க முடியாது. பாதுகாப்பு மையத்துக்கு முன்னரே போயிருந்தால் ஸ்ரீபுரந்தான் நடராசர் கடல் கடந்திருக்க மாட்டார். என் வாதத்துக்கு எதிரான உண்மை இது, மறைப்பதில் பயனில்லை.

ஆனாலும் அந்தத் தீர்வின் விலையை ஊர்தான் கொடுக்கிறது. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள சிறு கோயில் ஒன்றின் சோமாஸ்கந்தரும் அம்மனும் பல ஆண்டுகளுக்கு முன்பு பாதுகாப்புக் கருதி வேறிடம் சென்றார்கள். தொடக்கத்தில் ஆண்டுதோறும் திருவிழாவுக்கு வந்தார்கள். அதற்குக் கடிதம் எழுத வேண்டும், காவல் துறைக்கு மனு கொடுக்க வேண்டும், வாகனம் பிடிக்க வேண்டும், இரவோடு இரவாகத் திருப்பிவிட வேண்டும். சிறு ஊரில் இத்தனைக்கும் அலைய ஆள் யார்? பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். மழை பொய்த்த ஒரு ஆண்டில் வரி வசூலாகவில்லை என்று திருவிழா நின்றது. அடுத்த ஆண்டும் நின்றது. சுவாமி ஊரில் இல்லாததால் திருவிழா இல்லை. திருவிழா இல்லாததால் வசூல் இல்லை. வசூல் இல்லாததால் அர்ச்சகர் வருவது வாரம் ஒரு நாளாகக் குறைந்தது. இன்று அந்தக் கோயிலில் திருட உலோகத் திருமேனி எதுவும் இல்லை. கல் தூண்களும் கல்வெட்டும் இருக்கின்றன. அவற்றின் மேல் சீமைக்கருவேலம் சாய்ந்து கிடக்கிறது. திருமேனி பத்திரமாக இருக்கிறது, கோயில்தான் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த அனுபவம் எங்களுக்கு மட்டும் உரியதன்று. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குப் பணிக்காக மண் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த செப்பேடுகள் நானூறுக்கும் மேலாகவும் வெளிப்பட்டன. உடனே எழுந்த விவாதம், இவை கோயிலிலேயே இருக்க வேண்டுமா, அரசின் பொறுப்புக்குப் போக வேண்டுமா என்பதுதான். பக்தர்கள் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று நின்றார்கள். அங்கே ஆதீனம் இருந்தது, கூட்டம் இருந்தது, ஊடகம் இருந்தது. பள்ளிமடம் போன்ற ஊரில் நாளை இப்படி ஒன்று கிடைத்தால் எத்தனை பேர் வந்து நிற்பார்கள்?

இந்த விவாதத்துக்குச் சட்டத்தில் ஒரு பழைய வெளிச்சம் இருக்கிறது. கொல்கத்தாவின் மல்லிக் குடும்பத்துத் தெய்வத் திருவுருவம் எந்த வீட்டில் இருப்பது என்ற வழக்கில் 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பு வழங்கியது. திருவுருவம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். தான் எங்கே இருப்பது என்பதில் அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும், வழக்கில் தன்னலம் இல்லாத ஒருவர் அதன் சார்பில் பேச வேண்டும் என்றது அத்தீர்ப்பு. பத்தூர் நடராசர் வழக்கிலும் 1991-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலையே சட்டப்படியான ஆளாக ஏற்று அதற்கு வழக்காடும் தகுதி உண்டு என்று சொன்னது. கடல் கடந்த நீதிமன்றம் ஓர் இடிந்த கோயிலின் உரிமையை ஏற்றுக்கொண்டு நடராசரைத் திருப்பி அனுப்பியது. அவர் திரும்பி வந்தார். ஆனால் பத்தூருக்கு அல்ல, திருவாரூர்ப் பாதுகாப்பு மையத்துக்கு. சிவபுரம் நடராசரும் இப்படித்தான். 1951-இல் வயலில் கிடைத்து, ஊர்க் கோயிலிடம் ஒப்படைக்கப்பட்டு, பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் போலியாக மாற்றப்பட்டு, கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமனிடம் 9 லட்சம் டாலருக்குப் போய், 1986-இல் நாடு திரும்பியவர். நாடு திரும்புவதற்கும் ஊர் திரும்புவதற்கும் இடையே இன்னொரு கடல் இருக்கிறது போலும்.

அருங்காட்சியகமா, பூஜையா என்று இதை இரு கட்சிகளாகப் பிரித்துப் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளைப் பார்த்துத்தான் என் தலைமுறையில் பலர் சோழர் கலையைக் கற்றோம். அவற்றில் பல புதையல் சட்டத்தின் வழியே அங்கு வந்தவை. ஆனால் பாதுகாப்பு மையத்தின் இருட்டறையில் இருப்பது அருங்காட்சியகமும் அன்று, கோயிலும் அன்று. அங்கே பார்வையாளரும் இல்லை, பக்தரும் இல்லை. வட்டாரத்தின் உயிருள்ள கோயிலில், சான்றாகத் திருச்சுழி போன்ற இடத்தில், உறுதியான அறை கட்டி, சுற்றுவட்டாரத் திருமேனிகளை மக்கள் காணும்படி வைத்து, ஒரு வேளையாவது வழிபாடும் நடத்தினால் ஊரார் இருபது கிலோமீட்டர் போய்த் தங்கள் சுவாமியைப் பார்த்துவிட்டு வருவார்கள். திருவிழாவுக்கு எடுத்துவரும் அனுமதியும் போக்குவரத்தும் காவலும் ஊரின் சுமையாக இல்லாமல் துறையின் கடமையாக வேண்டும். இதற்கு ஆகும் செலவு, களவு போன ஒரு சிலையை மீட்க விசாரணை, வெளிநாட்டு வழக்கு, விமானப் பயணம் என்று செலவிடுவதில் சிறு பகுதியாகத்தான் இருக்கும் என்பது என் மதிப்பீடு.

கடைசியாகப் பதிவு. மீட்கப்பட்ட சிலைகள் பலவற்றுக்கும் சாட்சியாக நின்றது, 1955-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகச் சென்று எடுத்த புகைப்படங்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆழ்வாரையும் ஸ்ரீபுரந்தான் நடராசரையும் அடையாளம் காட்டியவை அவைதாம். சிங்கப்பூரில் பணியாற்றிய எஸ். விஜயகுமார் போன்ற ஆர்வலர்கள் அந்தப் படங்களையும் ஏல நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்களையும் ஒப்பிட்டே களவுகளை வெளிக்கொணர்ந்தார்கள். இதில் அடங்கிய பொருளியலைப் பலர் கவனிப்பதில்லை. பூட்டும் கேமராவும் திருடுவதற்கான செலவைக் கூட்டுகின்றன. புகைப்படமோ திருட்டுப் பொருளின் விலையையே குறைக்கிறது. இன்ன ஊரின் இன்ன கோயிலில் இன்ன ஆண்டு இருந்தது என்ற சான்று வெளியில் இருக்கும் சிலையை எந்தப் பெரிய அருங்காட்சியகமும் இனித் துணிந்து வாங்காது. வாங்குபவர் அஞ்சினால் கொடுக்கும் விலை விழும்; விலை விழுந்தால் ஏணி வைத்து ஏறுபவருக்குக் கூலி கட்டுப்படியாகாது.

படம் வெளியிட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாகாதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம். பணியில் இருந்தபோது ஒருமுறை நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மாணவர்களோடு சில கிராமக் கோயில்களைப் பதிவு செய்ய முயன்றோம். பெரியவர் ஒருவர் படம் எடுக்கவே கூடாது என்று வாசலை மறித்தார். பேசிப் பார்த்தோம். இறுதியில் அவரே ஒரு வழி சொன்னார்: படத்தை எடுங்கள், ஒன்றை என்னிடம் கொடுங்கள், மற்றதை யாரிடமும் காட்டாதீர்கள். யோசித்தால் அவர் சொன்னதில் சாரம் இருக்கிறது. படத்தை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்பதில்லை. களவு போன மறுநாள் காட்டுவதற்கு ஒன்று பத்திரமாக இருந்தால் போதும். நான்கு புறமும் பீடத்தின் அடியிலும் எடுத்த படங்கள், உயரம், எடை, பழைய உடைசல், ஒட்டு ஆகியவற்றின் குறிப்பு. ஒரு படி துறையிடம், ஒரு படி மாவட்டத் தலைநகரில், ஒரு படி ஊரிடம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அன்று அதற்கு நிழற்படக்காரரைத் தேடி அருப்புக்கோட்டைக்குப் போக வேண்டும். இன்று ஆடு மேய்க்கும் பிள்ளையின் கையிலும் கேமரா இருக்கிறது.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அன்று எடுத்த படத்தை அவர் கண்ணாடிச் சட்டமிட்டுத் தம் வீட்டுப் பூஜை அறையில் மாட்டியிருந்தார். திருமேனிகள் வேறிடம் போன பிறகு, பங்குனி உத்திரத்தன்று ஊரார் சிலர் கோயிலுக்குப் போகாமல் அந்த வீட்டுக்கு வந்து படத்துக்குச் சூடம் காட்டிவிட்டுப் போவதாக அவருடைய மகன் சென்ற மாதம் என்னிடம் சொன்னார். படம் வெளிறிப்போய்விட்டதாம், பழைய படச்சுருள் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். தேடிக்கொண்டிருக்கிறேன்.